சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைச் சூடு: 33ஆவது வாரத்தில் குழந்தை தலை திரும்புமா?

கயல் (சிங்கப்பூர்)

தோழிகளே, அக்காமார்களே, ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். எனக்குத் தலைப்பிரசவம். 33ஆவது வாரம் நடக்கிறது. ஸ்கேனில் குழந்தையின் தலை என் விலாவுக்குக் கீழே முட்டிக்கொண்டிருக்கிறது, பிட்டம் கீழ்ப்பக்கம். நச்சுக்கொடி மேலேதான் இருக்கிறது, பனிக்குட நீர் போதுமான அளவு, எடையும் சரி என்கிறார் மருத்துவர். "36 வாரம் வரை பார்க்கலாம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுச் சீன அம்மா ஒரு வழி சொல்கிறார். காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில், மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்துச் சூடு காட்ட வேண்டுமாம். அவருடைய மருமகளுக்கு அப்படிச் செய்து குழந்தை திரும்பியதாம். என் கணவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவோ, வயிற்றுப்பிள்ளைக்காரி நெருப்புப் பக்கமே போகக் கூடாது என்று போனிலேயே அழுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். உண்மையில் இது என்ன? ஆதாரம் ஏதாவது உண்டா? யார் செய்யக் கூடாது?

செம்பருத்தி (லண்டன்)

கயல், முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள். 33 வாரத்தில் தலை மேலே இருப்பது அபூர்வம் அல்ல. 28ஆவது வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தை அப்படித்தான் இருக்கும். மாதம் நிறைந்தபின் பார்த்தால் நூற்றுக்கு மூன்று நான்குதான் மிஞ்சும். மற்றவை எல்லாம் தாமாகவே திரும்பிவிடுகின்றன.

நான் இங்கே பேறுகால மருத்துவச்சியாக வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டிருப்பதன் பெயர் மோக்ஸா சிகிச்சை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இதற்கு ஒரு வரி இருக்கிறது: விரும்பும் பெண்கள் 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவரின் வழிகாட்டுதலோடு இதை முயலலாம். ஆகவே இது ஒளித்து மறைத்துச் செய்யும் வைத்தியம் அல்ல. உங்கள் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்.

செய்யும் விதம் இதுதான். சுருட்டு, நம் பெருவிரல் பருமனில் ஒரு சாண் நீளம் இருக்கும். நுனி முழுவதும் தணலாகும்வரை பற்றவைக்க வேண்டும். கர்ப்பிணி சாய்ந்து உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் அந்தத் தணலைச் சுண்டுவிரல் நகத்தின் வெளி மூலைக்கு எதிரே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பார். தோலில் படவே கூடாது. விரல் ஓரம் இளஞ்சிவப்பாக வேண்டும், இதமான சூடு தெரிய வேண்டும். சுரீரென்றால் உடனே விலக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 15 நிமிடம். தினம் ஒரு முறை அல்லது இரு முறை, ஏழு நாள் முதல் பத்து நாள் வரை. சாம்பல் சேரச் சேரத் தட்டிவிட வேண்டும். சாம்பல் மூடினால் சூடு இறங்காது, அது விரலில் விழுந்தால் கொப்புளம்.

இரட்டைக் குழந்தை, நச்சுக்கொடி கீழே இருப்பது, இரத்தப்போக்கு, முன்பு சிசேரியன், கருப்பையில் பிறவி மாற்றம், உயர் இரத்த அழுத்தம், குழந்தை வளர்ச்சிக் குறைவு, முன்கூட்டியே வலி வரும் அபாயம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாங்கள் இதைச் சொல்வதில்லை.

முத்துக்குமரன்

மன்னிக்க வேண்டும், எனக்கு இது ஏற்கவில்லை. நான் மருந்தாளுநர். கால் விரலில் சூடு காட்டினால் கருப்பைக்குள் இரண்டு கிலோ குழந்தை குட்டிக்கரணம் அடிக்கும் என்பதை எந்த உடலியல் விளக்குகிறது? உடலில் சக்தி ஓடும் பாதை என்று சீன மருத்துவம் சொல்லும் நாடிகளில் ஒன்றான சிறுநீர்ப்பை நாடியின் கடைசிப் புள்ளி அது என்கிறார்கள். அப்படி ஒரு நாடியை யாரும் அறுத்துப் பார்த்துக் காட்டவில்லை.

ஆய்வைச் சொல்கிறேன். 2009இல் ஜெனீவாவில் 212 பெண்களை வைத்துச் செய்தார்கள். மோக்ஸா வைத்தவர்களில் 18 சதவீதம் திரும்பியது, வைக்காதவர்களில் 16 சதவீதம். இந்த இரண்டு சதவீதத்துக்காக ஒரு கர்ப்பிணியைப் புகைக்கு நடுவில் உட்கார வைக்க வேண்டுமா?

தேன்மொழி

என் தங்கைக்கு ஹாங்காங்கில் இதைச் செய்தார்கள். ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது, சுகப்பிரசவம். அனுபவத்துக்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? தைரியமாகச் செய்யுங்கள் கயல்.

நான்சாங் அன்பு

நான் வேலை நிமித்தம் சீனாவின் சியாங்சி மாகாணத்தில் இருக்கிறேன். இந்தச் சிகிச்சையை உலகம் திரும்பிப் பார்க்கவைத்த ஆய்வு இந்த மாகாணத்தில்தான் நடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கதை. சோங் அரசு 992இல் தொகுத்து முடித்த 'தைப்பிங் ஷெங்ஹுய் ஃபாங்' என்ற பெரிய மருத்துவ நூலில் ஒரு குறிப்பு உண்டு. தாங் காலத்து அரசவை மருத்துவர் சாங் வென்சோங் பார்த்த பிரசவம் அது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, கை முதலில் வெளியே வந்துவிட்டது. மந்திரத் தாயத்தும் மருந்தும் பலிக்கவில்லை. அவர் அந்தப் பெண்ணின் வலது கால் சுண்டுவிரல் நுனியில், கோதுமை மணி அளவு மூலிகை உருண்டை மூன்றை வைத்து எரித்தார், பிரசவம் ஆனது என்கிறது நூல். அப்படியே நடந்ததா என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த விரல் நுனி கோணல் பிரசவத்தோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது என்பது உறுதி. அன்று தோலின் மேலேயே வைத்து எரித்தார்கள், அதுவும் பிரசவ வலியின்போது. இன்று சுருட்டைத் தள்ளிப் பிடிக்கிறார்கள், அதுவும் வலி வருவதற்கு வெகு முன்பே. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் ஒரே வைத்தியம் அல்ல.

மூலிகை, நம் மரிக்கொழுந்து, மாசிபத்திரி ஆகியவற்றின் உறவுச் செடி. எல்லாமே ஆர்ட்டிமீசியா பேரினம். சீன நாள்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டிராகன் படகுத் திருவிழாவன்று இங்கே வாசல்தோறும் அதன் கொத்தைத் தொங்கவிடுவார்கள். சந்தையில் வெங்காயத்தாளுக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இலையின் அடிப்பக்கம் வெண்மையாகப் பஞ்சு படர்ந்திருக்கும், கசக்கினால் கற்பூரமும் சருகும் கலந்த வாசம் வரும். சுருட்டுக்குப் பச்சை இலை ஆகாது. காயவைத்து, வருடக்கணக்கில் வைத்திருந்து, இடித்துச் சலித்து, நரம்பும் காம்பும் போனபின் மிஞ்சும் மஞ்சள் பஞ்சைத்தான் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டுவார்கள். ஏழாண்டு நோய்க்கு மூன்றாண்டு பழைய மூலிகையைத் தேடுவதுபோல என்று பழங்காலச் சீனத் தத்துவஞானி மெங்சியுஸின் நூலிலேயே வருகிறது. ஹூபெய் மாகாணத்துச் சிசுன் இலைக்குத் தனிப் பெயர் உண்டு. மூலிகைப் பேரகராதி எழுதிய லீ ஷிசென் பிறந்த ஊரும் அதுதான்.

இனி அந்த ஆய்வு. இத்தாலிய மருத்துவர் கார்டினியும் சீன மருத்துவர் ஹுவாங் வெய்சினும் நடத்தி, 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். 33ஆவது வாரத்தில் இருந்த தலைப்பிரசவப் பெண்கள் 260 பேர், பாதிக்குப் பாதி. 35ஆவது வாரத்தில் பார்த்தபோது மோக்ஸா வைத்த 130 பேரில் 98 பேருக்குத் தலை கீழே வந்திருந்தது. வைக்காத 130 பேரில் 62 பேருக்கு வந்திருந்தது. மோக்ஸா வைத்த பெண்கள் குழந்தையின் அசைவையும் அதிகமாக உணர்ந்தார்கள்.

முத்துக்குமரன்

அன்பு, நல்ல தகவல். தேன்மொழி அவர்களே, அந்த 62 என்ற எண்ணை ஒரு முறை நின்று பாருங்கள். ஒன்றுமே செய்யாமல் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பியிருக்கிறது! அந்த 62 பேரின் வீட்டிலும் அந்த வாரத்தில் யாராவது விளக்கெண்ணெய் தடவியிருந்தால், விளக்கெண்ணெய்தான் திருப்பியது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். உங்கள் தங்கைக்குத் திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எது திருப்பியது என்பதை ஒருவரின் அனுபவத்தை வைத்துச் சொல்ல வழியே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும்.

அதே கார்டினி இத்தாலியில் திரும்ப முயன்றாரே, அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 2005இல் வெளிவந்தது. 260 பேர் என்று திட்டமிட்டு 123 பேரோடு நிறுத்திவிட்டார்கள். பாதியிலேயே சிகிச்சையை விட்டவர்கள் பலர். நாற்றம் தாங்கவில்லை, தொண்டை எரிகிறது, குமட்டுகிறது, வயிறு இறுகுகிறது என்றார்கள். அதுவரை சேர்ந்த கணக்கிலும் வித்தியாசம் தெரியவில்லை.

செம்பருத்தி (லண்டன்)

நீங்கள் சொன்ன இரண்டும் சரி. இன்னும் இரண்டைச் சேர்த்தால்தான் படம் முழுமையாகும்.

ஸ்பெயினில் 2013இல் வெளியான ஆய்வில் 406 பெண்கள், 33 முதல் 35 வாரம். மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்குச் சரியான புள்ளியில் சூடு, ஒரு குழுவுக்கு வேறொரு புள்ளியில் சூடு, ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பிரசவத்தின்போது தலை கீழே இருந்தது முறையே 58.1, 43.4, 44.8 சதவீதம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. வெறும் நம்பிக்கையும் இதமான சூடும்தான் காரணம் என்றால், தவறான புள்ளியில் வைத்தவர்களுக்கும் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

ஜெனீவாவில் சேர்க்கப்பட்டவர்கள் 34 முதல் 36 வாரம். அந்த நேரத்தில் குழந்தை பெரிதாகிவிடும், நீர்ப்பரப்பு சுருங்கிவிடும். அங்கே இரு குழுவிலும் இருபது சதவீதம்கூடத் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பிறகு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் 13 ஆய்வுகள், 2,181 பெண்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டது. வழக்கமான கவனிப்போடு மோக்ஸாவையும் சேர்த்தால், பிரசவத்தின்போது தலை கீழே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு சற்றுக் குறையக்கூடும் என்றார்கள். சிசேரியன் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இராது என்றும் சொன்னார்கள். பக்கவிளைவுகளைப் பல ஆய்வுகள் ஒழுங்காகப் பதிவுசெய்யவே இல்லை. பாதுகாப்பானது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடுகிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, சூடு தாயின் சுரப்புகளைத் தூண்டுகிறது, கருப்பை மெல்ல அசைகிறது, குழந்தை அதிகம் துள்ளுகிறது, துள்ளும் குழந்தை திரும்புகிறது என்று ஒரு கருதுகோள் இருக்கிறது. நிரூபணம் இல்லை. முத்துக்குமரன் கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

நெல்லைச்சீமை

இதற்கு ஏன் சீனாவுக்குப் போக வேண்டும்? நம் சித்த மருத்துவத்தில் சுட்டிகை இருக்கிறதே. மாசிபத்திரியும் நம் ஊரிலேயே கிடைக்கிறது. காயவைத்துச் சுருட்டி வீட்டிலேயே பிடிக்கலாமே.

நான்சாங் அன்பு

ஐயா, அது வேண்டாம். சுட்டிகை என்பது தோலைச் சுட்டு எடுக்கும் புறமருத்துவம், கர்ப்பிணிக்கும் குழந்தை திரும்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டில் காயவைத்த இலையில் நரம்பும் காம்பும் இருக்கும். எரியும்போது படபடவென்று பொறி தெறிக்கும், சூடும் ஏறி இறங்கும். கர்ப்பிணியின் காலடியில் செய்து பார்க்கும் காரியமா அது?

மீனாட்சிபட்டணம் (மகப்பேறு மருத்துவர்)

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவருகிறேன். மோக்ஸா வேலை செய்கிறதா என்பதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு.

குழந்தை ஏன் திரும்பவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கருப்பையின் நடுவே தடுப்பு இருக்கலாம், கட்டி இருக்கலாம், நீர் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கலாம், நச்சுக்கொடி வழியை அடைத்திருக்கலாம். பல பெண்களுக்கு எந்தக் காரணமும் இருக்காது. காரணம் இருக்கும் இடத்தில் கால் விரலில் எவ்வளவு சூடு காட்டினாலும் பயனில்லை. ஸ்கேன் பார்க்காமல் மோக்ஸா தொடங்கவே கூடாது என்பேன். கயலுக்கு ஸ்கேன் சரியாக இருப்பதால் இந்தக் கேள்வி அவருக்குத் தீர்ந்துவிட்டது.

அடுத்து, மோக்ஸாவை நம்பிக் காத்திருந்து, கையால் திருப்பும் வாய்ப்பைத் தவறவிடுவது. வயிற்றின் மேல் கைகளை வைத்து, பிட்டத்தை இடுப்புக் குழியிலிருந்து மேலே தூக்கி, தலையை மெல்ல அழுத்திக் குழந்தையை உருட்டுவோம். தலைப்பிரசவத்துக்கு 36ஆவது வாரம் முதல், மற்றவர்களுக்கு 37ஆவது வாரம் முதல். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெற்றி கிடைக்கிறது, தலைப்பிரசவத்தில் கொஞ்சம் குறைவு. இருநூறு பேரில் ஒருவருக்கு உடனடியாகச் சிசேரியன் தேவைப்படலாம் என்பதால் அறுவை அரங்கு பக்கத்திலேயே இருக்க வேண்டும். செய்யும் முன்பும் பின்பும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்போம். வலியாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சிசேரியனைக் குறைப்பது நன்கு நிறுவப்பட்ட முறை இது. நம் நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதையே யாரும் சொல்வதில்லை. நேராகச் சிசேரியன் தேதிதான் குறிக்கப்படுகிறது. இது எனக்குத் தீராத ஆதங்கம்.

2000இல் வெளிவந்த, 26 நாடுகளில் 2,088 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் முழுவதும் பிட்டப் பிரசவங்கள் சிசேரியனுக்கு மாறின. அதில் திட்டமிட்ட சிசேரியனில் இறப்பு அல்லது கடுமையான பாதிப்பு 1.6 சதவீதம், திட்டமிட்ட சாதாரணப் பிரசவத்தில் 5 சதவீதம். அந்த ஆய்வின் மேல் பல விமர்சனங்கள் உண்டு. திறமையான கைகள் இருக்கும் இடங்களில் இன்றும் பிட்டப் பிரசவம் பார்க்கிறார்கள். ஆனால் மோக்ஸா வைத்துவிட்டோம், திரும்பியிருக்கும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவது உயிரோடு விளையாடுவது. பிட்டமோ காலோ கீழே இருக்கையில் பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் சரிந்து வரலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நீர் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை.

தேன்மொழி

டாக்டர் அம்மா, நன்றி. என் தங்கைக்கும் மோக்ஸா வைத்தபிறகு ஸ்கேன் எடுத்துத்தான் திரும்பியதை உறுதி செய்தார்கள். அதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அந்த அரை மணி நேரம் என் மைத்துனர் அவள் காலடியில் உட்கார்ந்து சுருட்டைப் பிடித்திருப்பார். அதுவரை ஸ்கேன் அறிக்கைகளைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அமைதியாகப் பேசினாள். இதற்கு ஆய்வில் இடம் இல்லாமல் இருக்கலாம். ஒரு கர்ப்பிணிக்கு இது சிறிய விஷயம் இல்லை.

முத்துக்குமரன்

அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஸ்பெயின் ஆய்வை முழுவதும் படித்தேன். நல்ல முறையில் செய்திருக்கிறார்கள். ஆனாலும் இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் தெரியாத பலன் அங்கே மட்டும் ஏன் தெரிந்தது என்ற கேள்வி என்னிடம் அப்படியே இருக்கிறது. என் வீட்டுப் பெண் கேட்டால், செய்யாதே என்று தடுக்க மாட்டேன், செய் என்று சொல்லவும் மாட்டேன். 36ஆவது வாரத்துக்குக் கையால் திருப்புபவரிடம் இப்போதே நேரம் வாங்கிவை என்பேன்.

கயல் (சிங்கப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. என் மருத்துவரிடம் பேசிவிட்டேன். "எனக்கு ஆட்சேபம் இல்லை, பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் போங்கள்" என்றார். இங்கே சீன மருத்துவர்களுக்குப் பதிவு கட்டாயம் என்பதால் அது எளிது. 36ஆவது வாரத்துக்குக் கையால் திருப்பவும் நேரம் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம், நெருப்பு தோலில் படாது என்பதை வீடியோவில் காட்டினேன். அழுகை நின்றது, முணுமுணுப்பு நிற்கவில்லை.

இன்னும் சில கேள்விகள். நாங்கள் இருப்பது பதினோராம் மாடி வீடு, புகை எங்கே போகும்? எனக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. சூடு காட்டும்போது குழந்தை மிகவும் துள்ளினால் பயப்பட வேண்டுமா? வீட்டில் கணவரே செய்யலாமா?

நான்சாங் அன்பு

புகைக்கு மட்டும் நான் சொல்கிறேன். சாதாரணச் சுருட்டின் புகை கெட்டியானது, திரைச்சீலையில் நாள்கணக்கில் நிற்கும். கரியாக்கிய புகையில்லாச் சுருட்டு தனியாக விற்கிறது. வாசம் மிகக் குறைவு, ஆனால் பற்றவைக்க நேரமாகும், தணலும் கடுமையாக இருக்கும். ஆகவே இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். வீசிங் இருந்தவர் என்றால் சீன மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். எந்தச் சுருட்டானாலும் சன்னல் திறந்திருக்கட்டும், எதிரெதிர் சன்னலாக இருந்தால் நல்லது. முடித்தபின் மணல் நிறைந்த ஜாடியில் தணல் முனையைக் குத்தி வையுங்கள். தண்ணீரில் நனைத்துவிட்டுக் குப்பையில் போட்டால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், வெளியே தெரியாது.

செம்பருத்தி (லண்டன்)

முதல் தடவை சீன மருத்துவரே செய்யட்டும். உங்கள் கணவர் பக்கத்தில் நின்று புள்ளியையும் தூரத்தையும் பழகிக்கொண்டால் மீதி நாள்களில் வீட்டில் செய்யலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் தன் சுண்டுவிரலை உங்கள் விரலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் சூடு எவ்வளவு என்று அவருக்கும் தெரியும். வயிற்றை இறுக்கும் ஆடை வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டவுடனும் வேண்டாம்.

குழந்தை துள்ளுவது எதிர்பார்க்கும் விஷயம், பயப்பட வேண்டாம். அசைவு குறைந்தால்தான் பயப்பட வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், இரத்தமோ நீரோ கண்டால், மூச்சு இழுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

திடீரென்று வயிறே உருண்டது போலவும், அதன்பின் உதை விலாப்பக்கம் வருவது போலவும் தோன்றினால் அன்று சூடு காட்டாதீர்கள். ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. தலை கீழே வந்துவிட்டது என்று உறுதியானால் மீதிச் சுருட்டுகளை எதிர்வீட்டு அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள், ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தொடர வேண்டாம். திரும்பவில்லை என்றால், வாங்கிய நேரத்தை மாற்றாமல் 36ஆவது வாரத்தில் போய்விடுங்கள்.